பார்வை குறைந்த பிறகும் விளையாடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நடுப்பார்வை மங்கத் தொடங்கியதை முதலில் காட்டிக்கொடுத்தது சதுரங்கப் பலகைதான். நேராக ஓட வேண்டிய கோடுகள் நடுவில் நெளிந்தன. ஈரத்தில் பலகை வளைந்துவிட்டது என்று நினைத்து, அதன் மேல் தடித்த புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் வைத்திருந்தேன். கோளாறு விழித்திரையின் நடுவில், மாக்குலாவில் இருக்கிறது என்று கண் மருத்துவர் சொன்ன பிறகுதான் புத்தகங்களை எடுத்தேன். இப்போது எதிரில் உட்கார்ந்திருப்பவரின் காதும் தோளும் எனக்குத் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைமூட்டம். ஆனாலும் வாரத்தில் ஐந்து நாளாவது ஏதேனும் ஒன்றை விளையாடிவிடுகிறேன். இதைக் கேள்விப்பட்டு, பார்வை குறைந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் என் அனுபவத்திலிருந்தும், என்னைவிட மோசமாகவோ வேறு மாதிரியாகவோ பார்வை இழந்த நண்பர்களிடமிருந்தும் வந்தவை.

பார்வை போனால் விளையாட்டும் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

சில போகும். பல போகாது. ஒரு விளையாட்டைக் கையில் எடுத்ததும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதில் கண் என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

ரம்மியில் கண்ணின் வேலை மிகவும் சிறியது. கையில் எந்தச் சீட்டுகள் இருக்கின்றன, கீழே விழுந்தது எது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நினைவும் கணக்கும் எதிராளி விடும் பெருமூச்சும். அந்தச் சின்ன வேலையை விரலுக்கோ காதுக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டால் ஆட்டம் பழைய ஆட்டமேதான். கேரம் அப்படியில்லை. அங்கே குறிபார்ப்பதே ஆட்டம். நான் செய்த தவறு, முதல் ஆண்டில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டது. சீட்டுக்கட்டைக் கீழே இறக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த ஓராண்டு வீண்.

எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டால் போதும் என்கிறார்களே?

பார்வை இழப்பைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் செய்யும் பெரிய பிழை இது. யாருக்கு எந்தப் பகுதியில் பார்வை போயிருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாமே தலைகீழாக மாறும்.

என்னைப் போல நடுப்பார்வை போனவர்களுக்குப் பெரிதாக்குவது உதவும். பெரிய எழுத்துச் சீட்டு, பெரிய பலகை, கையில் ஒரு பூதக்கண்ணாடி, முடிந்தால் கேமராவில் காட்டித் திரையில் பெரிதாக்கும் மின்னணு உருப்பெருக்கி, எல்லாமே சரி. அதோடு நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கப் பழக வேண்டும். நான் ஒரு காயைப் பார்க்க வேண்டுமானால் அதற்குக் கொஞ்சம் மேலே பார்க்கிறேன். அப்போது அது புகைமூட்டத்துக்கு வெளியே வந்துவிடும். இதைப் பயிற்சியாகவே கற்றுத்தருகிறார்கள்.

கிளாக்கோமா, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா போன்ற கண் நோய்களால் பக்கப் பார்வை சுருங்கியவர்களின் நிலை வேறு. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம்தான் தெரியும். அவர்களிடம் பெரிய பலகையைக் கொடுத்தால், முன்பு குழாய்க்குள் அடங்கிய பாதிப் பலகையும் வெளியே போய்விடும். என் நண்பர் ஒருவருக்கு உறவினர்கள் அன்போடு மேசை அகலச் சதுரங்கப் பலகை ஒன்றை வாங்கித் தந்தார்கள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளித் தள்ளிக் கடைசியில் சுவரில் முட்டிக்கொண்டார். பிறகு பயணத்துக்கு எடுத்துச்செல்லும் சிறிய பலகைக்கு மாறினார். அதுவே அவருக்குச் சரியாக இருந்தது.

கண்புரை, கருவிழிக் கோளாறு உள்ளவர்கள் பலருக்கு அளவைவிட ஒளிக்கூச்சம்தான் எதிரி. அவர்களுக்குப் பளபளக்கும் பலகையும் லேமினேட் செய்த அட்டைகளும் ஆகாது.

ஒரு பொருளை வாங்குவதற்கு முன், பார்வை குறைந்தவரை உட்காரவைத்து, "எந்த இடத்தில் தெரிகிறது, எந்த இடத்தில் தெரியவில்லை?" என்று கேளுங்கள். செலவில்லாத சோதனை.

வெளிச்சத்தை எப்படி வைப்பது?

மேசை விளக்கை ஆட்டத்தின் மேல் விழும்படி, தோளுக்குப் பின்னாலோ பக்கத்திலோ வையுங்கள். கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. ஜன்னலுக்கு எதிரே உட்காராதீர்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டுங்கள். மேசை மேல் ஒரே நிறத்தில் ஒரு துணியை விரியுங்கள். பூப்போட்ட விரிப்பில் கறுப்புக் காய் விழுந்தால் அது காணாமல் போனதாகவே கணக்கு. வெள்ளைச் சீட்டுக்குக் கருநீலத் துணி, கறுப்புக் காய்க்கு வெளிர் மஞ்சள் துணி. இவ்வளவு போதும்.

சீட்டாட்டத்துக்கு என்ன வழி? எனக்குப் பிரெய்ல் தெரியாதே?

கொஞ்சம் பார்வை இருந்தால் பெரிய எழுத்துக் கட்டு முதல் படி. சாதாரணக் கட்டில் டைமனும் ஆர்ட்டினும் ஒரே சிவப்பு, இஸ்பேட்டும் கிளாவரும் ஒரே கறுப்பு. நான்கு இனத்துக்கும் நான்கு நிறம் உள்ள கட்டுகள் கிடைக்கின்றன. அவற்றில் வடிவம் தெரியாவிட்டாலும் நிறத்தை வைத்துப் பிரித்துவிடலாம்.

பார்வை அதற்கும் போதாது என்றால் பிரெய்ல், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புடைப்புப் புள்ளி எழுத்து, பதித்த கட்டு. "பிரெய்ல் தெரியாது" என்று தயங்குகிறவர்களிடம் நான் ஒரு கணக்குச் சொல்வேன். பெரும்பாலான பிரெய்ல் கட்டுகளில் ஒவ்வொரு சீட்டிலும் இரண்டே குறிகள்: முதலில் மதிப்பு, அடுத்து இனத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து. பிரெய்லில் 1 முதல் 9 வரையுள்ள எண்களுக்கும் ஆங்கிலத்தின் முதல் ஒன்பது எழுத்துகளுக்கும் ஒரே புள்ளி வடிவம். ஆகவே ஏஸின் 'ஏ'யில் தொடங்கி 9 வரை ஒன்பது வடிவங்கள். பத்துக்கு 'எக்ஸ்', பிறகு ஜாக்கி, ராணி, ராஜா என்று இன்னும் நான்கு. இனங்களில் டைமனின் 'டி' 4-ன் வடிவம், கிளாவரின் 'சி' 3-ன் வடிவம், ஆர்ட்டினின் 'எச்' 8-ன் வடிவம். புதிதாகக் கற்க வேண்டியது இஸ்பேட்டின் 'எஸ்' மட்டும். ஆக மொத்தம் 14 வடிவங்கள். புத்தகம் வாசிக்கும் அளவுக்குப் பிரெய்ல் கற்க மாதக்கணக்கில் ஆகலாம். 14 வடிவங்களுக்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதுவும் முரட்டு விரல்களோடு.

முதலில் குழப்பிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்ட்டின் எட்டில் ஒரே குறி இரண்டு முறை வரும். அதைத் தொட்டபோது சீட்டில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

கையில் பிடிப்பதும் மாறும். விசிறிபோல விரித்தால் மூலையைத் தடவ முடியாது. நான் சீட்டுகளை இனவாரியாக அடுக்கி, இனங்களுக்கு இடையே ஒரு விரலை நுழைத்துப் பிடிக்கிறேன். மரத்தாங்கி ஒன்றில் நிற்கவைத்தால் இன்னும் எளிது. ஒரு முறை தடவிப் படித்ததும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தடவினால் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

எதிராளி போட்ட சீட்டு எனக்கு எப்படித் தெரியும்?

அவர் வாயால் சொல்ல வேண்டும். "கிளாவர் ஒன்பது" என்று சொல்லிக்கொண்டே போட வேண்டும். முதல் இரண்டு ஆட்டத்தில் எல்லோரும் மறப்பார்கள். நீங்கள் பொறுமையாக "என்ன விழுந்தது?" என்று கேட்பதை விட, பேசாமல் இருந்துவிடுங்கள். மேசையில் மௌனம் நீளும். அவர்களே உணர்ந்து சொல்லிவிடுவார்கள். மூன்றாவது ஆட்டத்தில் பழக்கமாகிவிடும். என் தம்பி இப்போது பார்வை உள்ளவர்களோடு ஆடும்போதும் சீட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே போடுகிறான். கிண்டல் செய்கிறார்களாம்.

பிரெய்ல் தெரிந்தவர் எல்லோருக்கும் சீட்டுகளைப் பங்கிட்டுப் போட்டால், போடும்போதே எல்லோருடைய சீட்டையும் படித்துவிடலாமே?

படித்துவிடலாம். இதை யாரும் என்னிடம் வெளிப்படையாகக் கேட்பதில்லை, ஆனால் எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால் நானே பேச்சை எடுத்துவிடுவேன். என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரைப் போடச் சொல்வேன். இல்லையென்றால் கட்டை மேசையில் வைத்து, குறி இல்லாத நடுப்பகுதியில் விரல் வைத்துத் தள்ளுவேன். எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு: புடைப்புப் புள்ளிகள் சீட்டின் பின்புறம் பள்ளமாகத் தெரியும். சில மாதங்களில், கண் கூர்மையான ஒருவர் உங்கள் சீட்டைப் பின்னாலிருந்தே படிக்கத் தொடங்கிவிடுவார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படிச் செய்துகொண்டிருந்தார். நான் தொடர்ந்து தோற்றதற்கு வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டு தேய்ந்தால் மாற்றிவிடுங்கள்.

சதுரங்கம் ஆட முடியுமா?

பார்வையற்றவர்களுக்கு இதைவிடச் செம்மையாக விதி வகுக்கப்பட்ட மேசை விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளிலேயே பார்வையற்ற ஆட்டக்காரர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அவர்களுக்கென்று சர்வதேச பிரெய்ல் சதுரங்கச் சங்கமும் உண்டு.

சிறப்புப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை. கறுப்புக் காய்களின் தலையில் ஒரு சிறிய குமிழோ ஊசிமுனையோ அடையாளமாக இருக்கும். காய் துளையில் நிற்பதால் இரண்டு கைகளாலும் தாராளமாகத் தடவிப் பார்க்கலாம், எதுவும் சாயாது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி என்னாவது என்று கேட்பீர்கள். காயைத் துளையிலிருந்து பிடுங்கினால்தான் தொட்டதாகக் கணக்கு. இதை எழுதியவர் யாரோ, அவர் ஒருநாளாவது கண்ணை மூடிக்கொண்டு விளையாடிப் பார்த்திருக்க வேண்டும்.

இருவருக்கும் இரண்டு பலகைகள். ஒரே பலகையில் நான்கு கைகள் மோதிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக. ஒருவர் நகர்வைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லித் தன் பலகையில் வைப்பார். பன்னாட்டுப் போட்டிகளில் நெடுவரிசைகளுக்கு ஆனா, பெல்லா, சீசர், டேவிட், ஏவா, ஃபீலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர் என்று பெயர்; குறுக்குவரிசைகளுக்கு ஜெர்மன் எண்கள். காதில் 'பி'யும் 'டி'யும் ஒன்றுபோல விழும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வாய் தவறிச் சொல்லிவிட்டால், எதிராளியின் கடிகாரத்தை ஓடவிடுவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும்.

வீட்டில் நாங்கள் ஜெர்மன் எண்களை விட்டுவிட்டோம். என் பேத்தி, "தாத்தா, ஏவா நாலு" என்பாள். நானும் "ஏவா நாலு" என்று திருப்பிச் சொல்லி, சிப்பாயை எடுத்து முளையைத் துளையில் அழுத்துவேன். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்தால்தான் அவள் அடுத்ததை யோசிப்பாள். என் விரல்கள் அவள் ராஜாவைச் சுற்றி அடிக்கடி போய்வந்தால் அவளுக்கு என் திட்டம் தெரிந்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் சம்பந்தமில்லாத மூலையையும் கொஞ்சம் தடவிவைக்கிறேன்.

இணையத்தில் ஆட விரும்பினால், லிச்செஸ் தளத்தில் பார்வையற்றோருக்கான தனி முறை இருக்கிறது. நகர்வுகளை எழுத்தில் தட்டலாம். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான், எதிராளியின் நகர்வைப் படித்துச் சொல்லும். எதிராளிக்கு நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பகடை, காய் நகர்த்தும் பலகை விளையாட்டுகள்?

பகடையில் சிக்கல் ஒன்றுதான்: தடவிப் பார்க்கும்போது அது புரண்டுவிடும். விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றில், உள்ளே துணி ஒட்டி உருட்டுங்கள். புள்ளிகள் புடைத்திருக்கும் பகடையை மேலிருந்து ஒரே விரலால், அழுத்தாமல் படியுங்கள். பகடையைப் பக்கவாட்டில் பிடிக்காதீர்கள். புரண்டுவிட்டால் என்ன செய்வது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். தோற்கும் நேரத்தில் பேசினால் சண்டைதான்.

பலகையில் கட்ட எல்லைகளைத் தடித்த பசைக் கோட்டால் வரைந்து காயவிட்டால் விரலுக்குத் தெரியும். காய்களை வேறுபடுத்த நகப்பூச்சு ஒரு சொட்டு, ரப்பர் வளையம், சிறிய ஒட்டுப்புள்ளி எதுவும் ஆகும். பல்லாங்குழியில் இந்த வேலையே இல்லை. குழியில் விரல் விட்டாலே எண்ணிக்கை தெரிந்துவிடுகிறது. நெரிசலான படங்களும் பொடி எழுத்து அட்டைகளும் நிறைந்த நவீனப் பலகை விளையாட்டுகளில், அட்டைகளின் வாசகங்களை முன்கூட்டியே தட்டச்சு செய்து கைபேசியில் வைத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். பொறுமைசாலிகள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

சிறப்பாகத் தயாரித்தவற்றை வாங்க வேண்டுமா, வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

சதுரங்கமும் சீட்டும் வாங்குங்கள். சொற்களைக் கோக்கும் ஸ்கிராபிள் விளையாட்டுக்கும், எழுத்துத்துண்டுகள் நகராதபடி கட்டங்கள் புடைத்த, பிரெய்ல் பதித்த பதிப்பு உண்டு. வீட்டில் செய்தால் அந்த நேர்த்தி வராது. ஊனோ சீட்டின் பிரெய்ல் பதிப்பை அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்போடு சேர்ந்து மேட்டல் நிறுவனம் 2019-இல் வெளியிட்டது. மற்றவற்றுக்கு ஒட்டுப்புள்ளியும் பசையும் போதும்.

கைபேசியில் திரைவாசிப்பான் எல்லாவற்றையும் படிக்கிறது. விளையாட்டைத் திறந்தால் மட்டும் ஊமையாகிவிடுகிறதே, ஏன்?

திரைவாசிப்பான் திரையைப் 'பார்ப்பதில்லை'. ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும், "இங்கே ஒரு பொத்தான், அதன் பெயர் இது" என்று செயலி கொடுக்கும் பட்டியலைத்தான் படிக்கின்றன. வங்கிச் செயலியோ செய்திச் செயலியோ இயங்குதளம் தரும் பொத்தான்களைக் கொண்டு கட்டப்படுவதால், அந்தப் பட்டியல் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். விளையாட்டுகள் அப்படியல்ல. தங்கள் உலகம் முழுவதையும் ஒரு படமாகத் தாங்களே தீட்டிக்கொள்கின்றன. திரைவாசிப்பானுக்கு அது பெயரில்லாத ஒரே ஒரு பெரிய சதுரம். உள்ளே ஆயிரம் பொத்தான் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

ஆகவே உங்கள் கைபேசியில் குறை இல்லை, உங்களிடமும் இல்லை. தயாரித்தவர்கள் பெயர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். "பார்வையற்றவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதினால் நன்றிக் கடிதம்தான் வரும். "மூன்றாம் திரையில் உள்ள பொத்தானுக்குப் பெயர் இல்லை" என்று எழுதினால் சில சமயம் அடுத்த பதிப்பில் பெயர் வந்துவிடுகிறது. எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. ஐந்து முறை வரவில்லை.

சிறு வயதிலிருந்து வீடியோ கேம் ஆடியவன் நான். அதை விடத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட இளைஞரிடம் பத்தாண்டுகளுக்கு முன் என்றால் தயங்கித்தான் பதில் சொல்லியிருப்பேன். 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் டூ' பலருடைய எண்ணத்தை மாற்றியது. அதில் 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள். பட்டியல்களைக் குரல் படிக்கும். போக வேண்டிய திசைக்கு ஒரு பொத்தான் உங்களைத் திருப்பிவிடும். குதிக்க வேண்டிய இடம், குனிய வேண்டிய இடம், எடுக்க வேண்டிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. அந்த ஒலிகள் எது எதற்கு என்று கேட்டுப் பழக உள்ளேயே ஓர் ஒலி அகராதி. குறைபார்வை உள்ளவர்களுக்காக, பின்னணி முழுவதையும் சாம்பலாக்கி, எதிரியை ஒரு நிறத்திலும் நண்பரை வேறு நிறத்திலும் காட்டும் முறையும் உண்டு. முழுமையாகப் பார்வையற்றவர்கள் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடி முடித்திருக்கிறார்கள்.

2023-இல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கார்ப் பந்தயத்தில், வளைவு வருவதையும் சாலையின் எந்த ஓரத்தில் இருக்கிறீர்கள் என்பதையும் ஒலியாலேயே சொல்லும் வசதி இருக்கிறது. அதே ஆண்டின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைச் சத்தத்தால் உணர்த்தும். சண்டை விளையாட்டுகளில் இருவரும் இடவலமாகத்தான் நகர்வார்கள் என்பதால், நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் இடது காது வலது காது வித்தியாசமே பாதிப் பார்வை.

ஒரு விளையாட்டை வாங்கும் முன், அமைப்புகள் பகுதியில் அணுகல் வசதிகள் என்னென்ன என்று தேடிப் பாருங்கள். குறிப்பாக, விளையாட்டைத் திறந்ததும் முதல் திரையிலேயே குரல் பேசுகிறதா என்று பாருங்கள். குரலை இயக்கும் பொத்தானை மூன்று பட்டியல்களுக்கு உள்ளே ஒளித்துவைத்திருப்பார்கள். குரல் இல்லாமல் அங்கே போக முடியாது, அங்கே போகாமல் குரல் வராது. பூட்டுக்குள்ளேயே சாவி.

ஒலியை மட்டும் வைத்தே ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றனவா?

நிறைய. 1997-இலேயே ஜப்பானில் கெஞ்சி ஏனோ என்பவர், திரையில் காட்சியே இல்லாத 'ரியல் சவுண்ட்' என்ற விளையாட்டை உருவாக்கினார். பிறகு 2015-இல் 'எ பிளைண்ட் லெஜண்ட்', 2021-இல் 'தி வேல்' என்று வாள் சண்டைக் கதைகள் வந்தன. 'தி வேல்' ஆடியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டு நான் நாற்காலியோடு திரும்பிவிட்டேன். சீட்டும் பலகையும் விரும்புகிறவர்களுக்கு, திரைவாசிப்பானோடு ஆடுவதற்கென்றே கட்டப்பட்ட குவென்டின்-சி பிளேரூம் என்ற இணைய விளையாட்டுக்கூடம் இருக்கிறது; பல நாட்டவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சுடோக்கு, குறுக்கெழுத்து?

பெரிதாக அச்சிட்டுத் தடித்த கறுப்புப் பேனாவால் எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால், கணினியின் விரிதாளில் கட்டம் கட்டமாக நகர்ந்து திரைவாசிப்பானால் கேட்கலாம். குறுக்கெழுத்தை ஒருவர் படிக்க, மற்றவர் யோசிக்க, இருவராக ஆடினால் சுவை கூடுகிறது. சுடோக்குவில் அப்படி இல்லை. 81 கட்டங்களை ஒருவர் வாயால் சொல்வதைக் கேட்பது தண்டனை.

உட்கார்ந்து ஆடுவது மட்டும்தானா? ஓடியாட ஆசையாக இருக்கிறது.

பந்தை எதிரணியின் கோலுக்குள் உருட்டும் கோல்பால், முதலிலிருந்தே பார்வையற்றவர்களுக்காக உருவானது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-இல் தொடங்கிய அது, 1976 முதல் பாராலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. அணிக்கு மூவர், 18 மீட்டர் நீளக் களம், உள்ளே மணி வைத்த 1.25 கிலோ பந்து. எல்லோரும் கண்ணை மறைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும் என்பதால், கொஞ்சம் தெரிகிறவருக்கும் அறவே தெரியாதவருக்கும் ஒரே நிலை. கால்பந்தில் ஐவர் அணி. பந்தை நோக்கிப் போகிறவர், மோதாமல் இருக்க, ஸ்பானிய மொழியில் 'போகிறேன்' என்று பொருள்படும் 'வோய்' என்று கத்த வேண்டும். பார்வையாளர்கள் பந்து ஓடும்போது வாய் திறக்கக் கூடாது.

கிரிக்கெட்டில் குலுங்கும் பந்தைக் கையைத் தாழ்த்தி வீசுவார்கள். வீசுபவர் "தயாரா?" என்று கேட்டு, மட்டையாளர் ஆம் என்ற பிறகே வீச வேண்டும். அறவே பார்வை இல்லாதவர் எடுக்கும் ஓட்டங்கள் இரட்டிப்பாக எண்ணப்படும். முதல் உலகக் கோப்பை 1998-இல் நடந்தது. நான் கிரிக்கெட்டில் பார்வை இருந்தபோதே சுமார்தான், எனவே அனுபவம் சொல்ல முடியாது.

கடைசிவரை திரும்பக் கிடைக்காத விளையாட்டு என்று ஏதாவது இருக்கிறதா?

எனக்குக் கேரம். பெரிய காய், பளிச்சென்ற நிறம், விளக்கு எல்லாம் செய்து பார்த்தேன். ஸ்டிரைக்கரை வைக்கும் இடம் விரலுக்குத் தெரிகிறது. காயும் குழியும் கோணமும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டுமே, அது நடக்கவில்லை. குத்துமதிப்பாக அடித்து, எப்போதாவது விழுந்தால் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். பலகையை யாருக்கும் கொடுக்கவில்லை. சில மாலைகளில் பேத்தியும் அவள் நண்பர்களும் அதில் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, காய் குழியில் விழும் சத்தத்தைக் கேட்டு எண்ணிக்கை வைக்கிறேன். அது போதுமா என்று கேட்டால், போதாது.

கூட விளையாடுகிறவர்கள் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்கிறார்கள். என்ன செய்வது?

முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஒருநாள் என் பேத்தி, யானையைச் சும்மா கொண்டுவந்து என் மந்திரிக்கு எதிரே வைத்தாள். நான் வெட்டவில்லை. "எடுத்துத் திரும்ப வை" என்றேன். "பாவம் தாத்தா, காலையிலிருந்து மூன்று ஆட்டம் தோற்றுவிட்டீர்கள்" என்றாள். நாலாவதையும் நான் தோற்றுக்கொள்கிறேன் என்றேன். தோற்றேன். அன்றைக்கு அவள் ஜெயித்துவிட்டுக் குதித்த குதியைக் கேட்க நன்றாக இருந்தது.

விட்டுக்கொடுப்பதும் வசதி செய்துகொடுப்பதும் வேறு வேறு. நகர்வை வாயால் சொல்வது வசதி. யோசிக்கக் கூடுதல் நேரம் தருவதும் வசதிதான், தடவிப் படிக்க நேரம் ஆகும். வேண்டுமென்றே தவறாக ஆடுவது எந்த வசதியிலும் சேராது.

அப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. தினமும் சீட்டாடியவர், இப்போது கூப்பிட்டால் "எனக்கு எதற்கு அதெல்லாம்" என்கிறார்.

கூப்பிடாதீர்கள். "வாருங்கள் அப்பா, விளையாடலாம்" என்பதில், உங்களுக்காக ஏற்பாடு செய்திருக்கிறோம் என்ற வாடை அடிக்கும். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் இல்லையா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் இருவர் ஆடுங்கள். போடும் சீட்டையெல்லாம் சத்தமாகச் சொல்லுங்கள். நடுவில் ஒருவர் மடத்தனமாக ஒரு சீட்டை விடுங்கள். பழைய ஆட்டக்காரரால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. என் தம்பி என்னைத் திரும்ப மேசைக்கு இழுத்தது இப்படித்தான். "ஏன்டா, ராணியை விட்டாயா?" என்று அறைக்குள்ளிருந்து நான் கத்தியதுதான் ஓராண்டில் சீட்டைப் பற்றி நான் பேசிய முதல் வாக்கியம்.

அவர் முதல் நாள் எல்லோர் முன்னும் தடுமாற விரும்பமாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய எழுத்துக் கட்டையோ பிரெய்ல் கட்டையோ தனியாகப் பழக அவரிடம் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

இருக்கும் பார்வையைக் கொண்டு அதிகம் விளையாடினால் அதுவும் தேய்ந்துவிடாதா?

தேயாது. கண்ணைப் பயன்படுத்துவதால் மிச்சப் பார்வை தீர்ந்துபோவதில்லை. களைப்பு, தலைவலி, கண் உலர்தல் வரும். அப்போது நிறுத்தி ஓய்வெடுங்கள். ஆனால் நேர்க்கோடுகள் திடீரென்று நெளிந்தாலோ, மின்னல்போல ஒளி வெட்டினாலோ, திரை விழுந்ததுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். பலகையின் மேல் புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் காத்திருக்காதீர்கள்.

இப்போது என்ன விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள்?

தம்பியோடு தொலைபேசியில் ஒரு சதுரங்க ஆட்டம். ஒரு நாளைக்கு ஒரு நகர்வு. இது நான்காவது வாரம். நேற்று அவன் "டேவிட் ஐந்து" என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்து, வாய் தவறிவிட்டது, "டேவிட் ஆறு" என்றான். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது என்பதால் விதியைக் காட்ட முடியவில்லை, ஒப்புக்கொண்டேன். இன்று இரவு என் முறை. என் குதிரை அவன் ராணிக்கும் யானைக்கும் நடுவில் பாயக் காத்திருக்கிறது. அவனுக்கு அது தெரிந்துதான் திருத்தினானா என்பது மட்டும் இன்னும் புலப்படவில்லை.